அவரைப் பந்தல் குளவிக்குப் பேர் வைத்த விவகாரம்

இண்டூர்,
ஆவணி 12, ஞாயிறு.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மச்சான் திரு. மாதேஸ்வரன் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவனும், உதவி வேளாண்மை அலுவலராக முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவனுமாகிய ராஜப்பன், இண்டூரிலிருந்து மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், மாடுகள் இரண்டு, போர் மோட்டார் ஒன்று, எல்லோரும் ஒருவாறு நலம். உங்கள் தங்கை கண்ணம்மாள் மட்டும் மிக மிக நலம். அதைப் பற்றி முறையிடவே இக்கடிதம். அங்கு தாங்களும் பானுமதி அக்காவும் காது குத்திய பேத்தியும் சுகம்தானே. ஓசூரில் நல்ல மழை என்று டிவியில் சொன்னார்கள். இங்கே மேகம் வருகிறது, நின்று பார்க்கிறது, போய்விடுகிறது.

போனில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டால் எனக்கு முன்னால் உங்கள் தங்கைக்குக் கேட்கும். ஆகவே தபால்.

எங்கள் மாடி அறையில் நிர்மலாதேவி என்கிற பெண் ஒன்றரை வருடமாகக் குடியிருக்கிறது. பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கப்போகிற பெண். காலையில் ஒரு வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும், ஊரிலுள்ள வேலி, புதர், வரப்பு எல்லாவற்றிலும் வீசும், சாயங்காலம் வெறுங்கையோடு வரும். என்னம்மா தேடுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். ஒட்டுண்ணிக் குளவி என்றது. நம் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுகிற குளவி இல்லையாம். ராகி மணி அளவுகூட இருக்காது, மனுஷரைக் கொட்டாது. பயிரைத் தின்கிற புழுவின் மேல் வந்து உட்கார்ந்து, அதன் உடம்புக்குள்ளே முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் உள்ளேயே இருந்து புழுவைத் தின்று வளர்ந்து, வெளியே வந்து அதன் முதுகிலேயே அரிசிக் குருணை மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கூடு கட்டிக்கொள்ளும். இதைக் கேட்டதும் நான், அம்மா, முப்பத்து மூன்று வருடம் பூச்சிகளோடு குடும்பம் நடத்தியவன் நான், எனக்குத் தெரியாத பூச்சி தர்மபுரி மாவட்டத்தில் கிடையாது, எந்தச் சந்தேகம் வந்தாலும் தயங்காமல் கேள் என்று சொல்லி வைத்தேன். அதுவும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டது. இன்றுவரை ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

போன கார்த்திகையில் ஒருநாள் உங்கள் தங்கை அவரைப் பந்தலில் காய் பறித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பந்தலில் மட்டும் நான் மருந்தடிக்கக் கூடாது என்பது கல்யாணம் ஆன வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் இருக்கிற சட்டம். மாவட்டம் முழுக்க மருந்தடிக்கச் சொன்ன எனக்குச் சொந்த வீட்டுக் கொல்லையில் அதிகாரம் இல்லை. அவள் புழுவைக் கையால் பொறுக்கிக் கோழிக்குப் போடுவாள். ஆனால் முதுகில் அரிசி ஒட்டினாற்போல இருக்கிற புழுவை மட்டும் தொடாமல் விட்டுவிடுவாள். மாடிப்படி இறங்கி வந்த அந்தப் பெண் இதைப் பார்த்துவிட்டு, ஏம்மா அதை மட்டும் விடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறது. அதற்கு உங்கள் தங்கை, "அது ஏற்கெனவே நோவுல கெடக்குதும்மா. அதைப் போயி நசுக்குவாங்களா?" என்றிருக்கிறாள். எத்தனை நாளாக இப்படி என்றதற்கு, நான் இந்த வூட்டுக்கு வந்ததிலிருந்து என்றாளாம்.

அந்தப் பெண் புழுவை இலையோடு எடுத்துப் போய்க் கண்ணாடிக் குழாயில் போட்டு வைத்தது. நாலாம் நாள் ஒரே ஒரு குளவி வெளியே வந்தது. அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, புத்தகத்தில் தேடி, எந்தெந்த நாட்டுக்கோ படம் அனுப்பிக் கேட்டதில், இப்படி ஒன்றை இதுவரைக்கும் யாரும் எழுதி வைத்ததில்லை என்று தெரிந்தது. ஆனால் ஒன்றை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாதாம், ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்தாவது வேண்டுமாம். அதற்காக அவர்களுடைய பேராசிரியரே நேரில் வந்து பந்தலைப் பார்ப்பதாக ஏற்பாடு. இங்கேதான் மச்சான் என் கிரகம் ஆரம்பித்தது.

பேராசிரியர் வரப்போகிற அன்றைக்கு உங்க தங்கச்சி ஊரில் இல்லை. உங்க பேத்தி காதுகுத்துக்கு நாலு நாள் முன்னாடியே ஓசூர் வந்துட்டா. நான் மாடு இருக்குதுன்னு பின்தங்கிட்டேன். காலையில எந்திரிச்சுப் போயிப் பந்தலைப் பாத்தா எலைக்கு எல புழு. எனக்கு ஒடம்பு கூசிப்போச்சு. ஒரு பெரிய மனுஷன், பூச்சியப் பத்தியே படிச்ச பேராசிரியரு, ரிட்டயர்டு வேளாண்மை அலுவலர் வூட்டுக்கு வர்றாரு. பந்தல்ல புழு நெளிஞ்சா என்னா நெனைப்பாரு? என் மானம் போறது கெடக்கட்டும், நான் வேலை பாத்த டிபார்ட்மெண்டு மானம் என்னாத்துக்கு ஆவும்? டேங்கை எடுத்து முதுகுல மாட்டினேன். மொத்தப் பந்தலையும் மேலயும் கீழயும் குளிப்பாட்டி வுட்டேன். பதினோரு மணிக்கு அவரு வந்தப்ப எல தொடச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. பந்தலுக்குக் கீழ அவரு குனிஞ்சு பாத்தாரு, நிமிந்து பாத்தாரு, எலையப் பொரட்டிப் பாத்தாரு. நான் பக்கத்துல போயி, "ஒண்ணுகூட இல்லீங்க சார், சுத்தமா எடுத்தாச்சு"ன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு அப்படியே பந்தக்கால்ல சாஞ்சு தரையில உக்காந்துருச்சு. பேராசிரியரு என்னைப் பாத்து ரொம்ப நல்லதுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. அதை எந்த அர்த்தத்துல சொன்னாருன்னு எனக்கு அன்னிக்குப் பொழுதோடதான் வெளங்குச்சு.

மறுநா உங்க தங்கச்சி வந்து எறங்கினா. பையைக் கீழ வெக்கல, நேரா பந்தலுக்குப் போனா. ஒரு எலையப் பறிச்சு மூந்து பாத்தா. என்னைப் பாக்கவே இல்ல. உள்ள போயிட்டா. மேல அந்தப் பொண்ணு அழுவுற சத்தம் எனக்கே கேட்டுச்சுன்னா எவ்வளவு அழுதிருக்கும்னு பாத்துக்கங்க. அன்னில இருந்து அஞ்சு நாள் மச்சான், வூட்டுல ஒரு பேச்சு கெடையாது. சோறு வரும், தண்ணி வரும், மாத்திரை வரும், வார்த்தை வராது. கொழம்புல அவரக்கா மட்டும் தெனமும் இருந்துச்சு. அதைச் சாப்பிடறதா வேணாமான்னு கேக்கக்கூட ஆளில்ல. மருந்தடிச்ச காய்னு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். அவ தட்டுல மட்டும் கத்தரிக்கா. நான் ஒதுக்கி வெச்சு ஒதுக்கி வெச்சு எந்திரிச்சேன்.

என்னால தாங்க முடியல. நாமே கெடுத்ததை நாமே தேடிக் குடுத்துருவோம், குளவிங்கறது என்னா இந்த ஒரு பந்தல்லயா இருக்கும்னு கொசுவலையைக் கிழிச்சு ஒரு குச்சியில கட்டி எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன். இண்டூரைச் சுத்தி பாத்தேன், கடத்தூர்ப் பக்கம் பாத்தேன். எந்தத் தோட்டத்துல கால் வெச்சாலும் என்னைத் தெரியாதவங்க இல்ல. வாங்கய்யா வாங்கன்னு மோர் குடுக்கறாங்க. புழு இருக்குதான்னு கேட்டா, அட போங்கய்யா, நீங்க சொன்ன மாதிரியே வாரத்துக்கு ரெண்டு தரம் அடிக்கிறோம், ஒரு எறும்பு காட்டுங்க பாப்பம்ங்கறாங்க. மூணு நாள் அலைஞ்சு அரிசி ஒட்டுன புழு ஒண்ணுகூடக் கண்ணுல படல. நான் சொன்னதை இத்தனை சனம் இவ்வளவு ஒழுங்கா கேட்டிருக்குதுன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது மச்சான். சர்வீஸ்ல இருந்தப்ப தெரிஞ்சிருந்தா ரொம்பப் பெருமையா இருந்திருக்கும்.

கடைசியா கம்பைநல்லூர்ல சவுரியப்பன்னு ஒரு விவசாயி, எனக்குப் பழைய பழக்கம். அவரு, குளவிதானேங்கய்யா வேணும், எங்க மோட்டார் கொட்டாயில எக்கச்சக்கமா இருக்குதுன்னாரு. சின்னதா பெருசான்னு நான் கேட்டிருக்கணும். புது எனமா பழைய எனமான்னு கேட்டிருக்கணும். கேக்காம வலையைப் புடிச்சிக்கிட்டுக் கதவைத் தொறந்துட்டேன். செங்குளவி. எங்க தாத்தன் காலத்துல இருந்து எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்ச எனம். கண்ணு ரெண்டும் மூடிப்போச்சு, ஒதடு ஒரு பக்கம், காது ஒரு பக்கம். சவுரியப்பன் என்னைக் கைத்தாங்கலா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுப் பஸ் ஏத்தி வுட்டாரு. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் எந்திரிச்சுப் போயி நின்னுக்கிட்டே வந்தான்.

வூட்டு வாசப்படியில வந்து நின்னு கதவைத் தட்டினேன். உங்க தங்கச்சி வந்து தொறந்தா. என் மூஞ்சைக் கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம், "யாருங்க வேணும்? அவரு வூட்டுல இல்லீங்களே"ன்னா. அஞ்சு நாள் கழிச்சு வந்த மொத வார்த்தை மச்சான் இது. நான்தான்னு சொல்லலாம்னா ஒதடு அசைய மாட்டேங்குது. கையில இருந்த கிழிஞ்ச கொசுவலையைக் காட்டினேன். அதுக்கப்புறம் அடையாளம் தெரிஞ்சு உள்ள கூட்டிட்டுப் போயி சுண்ணாம்பு தடவினா. தடவறப்ப அவ கை நடுங்குன மாதிரி இருந்துச்சு. எனக்காக அழுவறாளோன்னு நெனச்சு ஒரு கண்ணைச் செரமப்பட்டுத் தொறந்து பாத்தேன். சிரிப்பை அடக்கிக்கிட்டு இருக்கா.

அப்பத்தான் உங்க வூட்டுல இருந்து போன் வந்துச்சு. மிச்சம் உங்களுக்குப் பாதி தெரியும், மீதிப் பாதியை நான் சொல்றேன். உங்க தங்கச்சி ஓசூருக்குக் கெளம்பறப்பவே, இந்த ஆளை நம்பிப் பந்தலை வுட்டுட்டுப் போவ முடியாதுன்னு, அரிசி ஒட்டுன எலை ஏழெட்டைப் பறிச்சு ஒரு பவுடர் டப்பாவுல போட்டு, மூடியில ஊசியால ஓட்டை குத்திக் கையோட எடுத்துட்டு வந்திருக்கா. கட்டின புருஷன் மேல வெச்ச நம்பிக்கையப் பாருங்க. வந்த எடத்துல காதுகுத்துக் கூட்டத்துல டப்பா எங்கியோ போயிருச்சு. போன்ல கேட்டதுக்கு அப்படி ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அதுனாலதான் அவளும் அஞ்சு நாளா அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணும் சொல்லாம உள்ளுக்குள்ளயே பொகைஞ்சிருக்கா. அன்னிக்குப் பானுமதி அக்கா ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கூட்டறப்ப டப்பா உருண்டு வந்து, உள்ள என்னமோ பறக்குதுன்னு போன் பண்ணாங்க. அக்கா சொன்னது உங்க காதுல வுழல, நீங்க அதை மாத்திரை டப்பான்னு நெனச்சுத்தான் பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்து அனுப்பினீங்க. அதுல வந்தது பதிமூணு குளவி மச்சான். ஆண் நாலு, பெண் ஒம்பது. அந்தப் பொண்ணு டப்பாவை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மாடிப்படி ஏறினதைப் பாத்திருந்தீங்கன்னா உங்களுக்கும் கண்ணு கலங்கியிருக்கும். எனக்கு ஏற்கெனவே வீக்கம், அதனால தெரியல.

வீக்கம் வடிஞ்சதும் மேல போயி மைக்ராஸ்கோப்புல நானும் பாத்தேன். வெறுங்கண்ணுக்குத் தூசி. உள்ள பாத்தா தேன் நெறத்துல காலு, முதுகுல பூ வேலை செஞ்ச மாதிரி குழி குழியா இருக்குது, றெக்கையில நரம்பு ஓடறது ரவிக்கைத் துணியில போட்ட கோடு மாதிரி. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். முப்பத்து மூணு வருஷ சர்வீஸ்ல நான் பூச்சிய எண்ணியிருக்கேன், எழுதியிருக்கேன், இப்படி உக்காந்து ஒண்ணைப் பாத்ததில்ல. சரி, அது வேற பேச்சு. இதை உங்க தங்கச்சிகிட்டச் சொல்ல வேணாம்.

இப்பத்தான் என் முறையீடு. புது எனத்தைக் கண்டுபிடிச்சா அதுக்கு என்னா பேர் வெக்கறதுன்னு கண்டுபிடிச்சவங்க முடிவு பண்ணலாமாம். அந்தப் பொண்ணு உங்க தங்கச்சி பேரை வெக்கப்போவுதாம். அதுலயும் ஒரு முறை இருக்குது, லத்தீன் பாஷையில பொம்பளை பேருக்குப் பின்னாடி ஒரு 'ஏ' சேக்கணுமாம். அதனால குளவி பேரு 'கண்ணம்மாளே'. எப்படி இருக்குது பாருங்க. உலகத்துல எந்த மூலையில எந்த வெள்ளைக்காரன் அந்தக் குளவியப் பத்திப் பேசினாலும் உங்க தங்கச்சியக் கூப்பிட்ட மாதிரியே இருக்கும். பால் ஊத்தப் போனா, கண்ணம்மாளே சௌக்கியமாங்கறாங்க. போன மாசம் ஒரு பள்ளிக்கூடத்துல அவளைப் பேசக் கூப்பிட்டாங்க. விவசாயிங்க கூட்டம்னா மேடையில மாலையோட உக்காந்தவன் நான். அன்னிக்கு அவ மேடையில இருக்கா, நான் கீழ அவ தண்ணி பாட்டிலை வெச்சிக்கிட்டு மூணாவது வரிசையில. பக்கத்துல இருந்தவரு, நீங்க குளவியம்மா வூட்டுக்காரருங்களான்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன். வேற என்னா சொல்ல முடியும். அவ பேச்சும் ஒண்ணும் பெருசா இல்ல. நான் எதையும் கண்டுபிடிக்கலீங்க, அது பாட்டுக்கு இருந்துச்சு, நான் பாட்டுக்கு வுட்டுட்டேன், அவ்வளவுதான்னுட்டு உக்காந்துட்டா. அதுக்குப் போயி அஞ்சு நிமிஷம் கைதட்டறாங்க.

நியாயத்தை நீங்களே சொல்லுங்க. நெலம் யாருது? பட்டா என் பேர்ல. பந்தக்கால் நட்டது நானு. கொடிக்குத் தண்ணி கட்டறது நானு. முப்பத்தெட்டு வருஷமா அந்தப் பந்தல் அவரக்காயத் தின்னு தீத்தது நானு. அந்தக் குளவிக்காக மூஞ்சி வீங்கினவன் நானு. நான் சுத்துவட்டாரம் பூரா மருந்தடிக்கச் சொன்னதாலதான் அந்த எனம் வேற போக்கிடமில்லாம எங்க பந்தல்ல வந்து தங்குச்சுன்னுகூடச் சொல்லலாம், இதை அந்தப் பொண்ணே ஒரு தரம் வேற மாதிரி சொல்லுச்சு. கட்டுரை அடுத்த மாசம் அச்சுக்குப் போவுதுன்னு பேச்சு. அச்சானப்புறம் அந்தப் பேரை யாராலயும் மாத்த முடியாதாம். உங்க தங்கச்சி என் பேச்சைக் கேக்க மாட்டா, நீங்க பாப்பான்னு கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னா மீற மாட்டா. எனக்காகக் கேட்டதா இல்லாம, குடும்பத்துல ஆம்பளை பேர்ல இருந்தா நல்லா இருக்கும்மான்னு பொதுவா எடுத்துவுடுங்க. ராஜப்பன் பேரை வெச்சா எனக்கு அது ரெண்டாவது பென்ஷன் மாதிரி.

எனவே மச்சான் அவர்கள் இதை அவசரமாகக் கருதி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பானுமதி அக்காவின் முழங்கால் வலி குறையவும், மகன் மருமகளுக்கு வேலையில் உயர்வு கிடைக்கவும், பேத்தி நோய்நொடியின்றி வளரவும் மலை மாதேஸ்வரன் துணை நிற்பாராக. நீங்களும் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளவும்.

தங்கள் உண்மையுள்ள தங்கை கணவன்,
மா. ராஜப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். தாள் வீணாகிவிடுமே என்றுதான் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு முடிச்சதும், எதுக்கும் அந்தப் பொண்ணுகிட்ட நேராவே ஒரு வார்த்தை கேட்டுப் பாப்பமேன்னு மாடி ஏறினேன். அது சிரிச்சுட்டு, "அங்கிள், அம்மா உங்ககிட்டச் சொல்லவே இல்லையா?"ன்னு கேட்டுச்சு. டப்பாவுல மிச்சம் இருந்த கூட்டுல இருந்து நாலு நாள் கழிச்சு இன்னொரு மாதிரி குளவி வந்துச்சாம், கறுப்பு, இன்னும் பொடிசு, அதுவும் புது எனமாம். அதுக்கு என் பேரைத்தான் வெக்கணும்னு உங்க தங்கச்சி ஒத்தக்கால்ல நின்னாளாம். அவரா மேல ஏறி வந்து கேக்கறவரைக்கும் சொல்லாதேன்னும் சொல்லி வெச்சாளாம். ரெண்டும் ஒரே கட்டுரையில போன வாரமே அச்சாகிருச்சு.  அவளைப் பத்தி இத்தனை பக்கம் எழுதிட்டமேன்னு வெக்கமாப் போச்சு மச்சான். உடனே கட்டுரையை எடுத்துக்கிட்டு, சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்ப இருவது காப்பி போடலாம்னு கடத்தூர் போனேன். ஆம்பளை பேருக்குப் பின்னாடி 'ஏ' கெடையாதாம், 'இ'யாம். ஜெராக்ஸ் கடைப் பூவரசன் அந்த இங்கிலீஷ் எழுத்தை ஒண்ணு ஒண்ணாக் கூட்டி, கடையில எட்டுப் பேர் நிக்கறப்ப சத்தமா, "ராஜ... பன்னி. என்னாங்கய்யா, பன்னிப் பண்ணை ஏதாச்சும் வெக்கறீங்களா?"ன்னான்.

வூட்டுக்கு வந்து, போனாப் போவுது பேருதானே, அந்தக் குளவி என்னாம்மா வேலை செய்யும்னு அந்தப் பொண்ணைக் கேட்டேன். அது புழுவைத் தேடிப் போவாதாம். கண்ணம்மாளே கஷ்டப்பட்டுக் கட்டி வெச்ச கூட்டுக்குள்ள பூந்து, உக்காந்த எடத்துல தின்னு வளருமாம். "கண்ணம்மாளே இல்லாம இதால ஒரு நாளும் இருக்க முடியாது அங்கிள்"ன்னுச்சு. எறங்கி வந்துட்டேன். காப்பி இருவதும் இதோட வெச்சிருக்கேன், படத்தை மட்டும் காட்டுங்க, பேரை யாரும் வாய்விட்டுப் படிக்க வுடாதீங்க. உங்க தங்கச்சிக்குச் சொல்லியும் பிரயோசனம் இல்ல. ரேஷன் கடையில புருஷன் பேரைக் கேட்டாக்கூட என் பக்கம் கையைக் காட்டினவ, இது குளவி பேருதானேன்னு காலையில இருந்து வாய் நெறையச் சொல்லிக்கிட்டுத் திரியறா. இப்பக்கூட சாப்பிட வரச் சொல்லி அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடறா. போயிட்டு வந்து ஒறையை ஒட்டறேன்.